கையெழுத்து

இந்த இரும்புப் பெட்டி ஒரு காலத்தில்
கடல் தாண்டித் தரை ஓடு சுமந்து
மஸாவா துறைமுகத்தில் இறங்கியது.
உள்சுவரில் இன்னும் ஓர் அம்புக்குறி:
இந்தப் பக்கம் மேலே.
நல்லது, ஆண்டவரே.
பதின்மூன்று பெண்கள் கிடக்கும் இருட்டில்
மேல் எது என்று சொல்ல
அதாவது இருக்கிறது.

நண்பகலில் முதுகு சாய்க்க முடியாது.
சுவர், இஞ்சேரா சுடும் கல்.
நள்ளிரவில் அதே சுவர் பனிக்கட்டி.
விடியும் முன் எங்கள் மூச்சே குளிர்ந்து
கூரையில் துளித்து நிற்கும்.
அதை நக்க முறை வைத்திருக்கிறோம்.
காய்ச்சல்காரிக்கு முதல் முறை.
லெத்தெபிர்ஹானுக்கு நாக்கு வெடித்திருப்பதால்
விரலில் தொட்டு நான் கொடுப்பேன்.
திருவிருந்து என்றேன் ஒரு நாள்.
"துரு விருந்து" என்று சிரித்தாள்.

நான் கெரனில் தபால் முத்திரை குத்தியவள்.
காகிதத்தின் கனம் தெரியும் எனக்கு.
மேஜர் கொண்டுவருவது அரைப்பக்கம்தான்:
இனி அந்தக் கூட்டத்துக்குப் போக மாட்டேன்,
அந்த ஜெபம் செய்ய மாட்டேன்.
கீழே ஒரு கோடு.
வெளியே ஒரு வேன், என்ஜின் ஓடியபடி.

நிக்ஸ்தி போட்டாள்.
ஏழாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை.
முந்தின நாள் அவள் பிள்ளையின் செருப்பை
யாரோ கதவிடுக்கில் காட்டியிருந்தார்கள்.
ஒற்றைச் செருப்பு.
அவள் விட்டு வந்த காலைவிட
இரண்டு விரல் பெரிது.

போகும்போது சால்வையைக் கழற்றி வைத்தாள்.
யார் முகத்தையும் பார்க்கவில்லை.
அன்றிரவு நாங்கள் பாடவில்லை.
"காட்டிக்கொடுத்தவள்" என்றாள் ஒருத்தி.
யாரும் ஆமென் சொல்லவில்லை,
யாரும் மறுக்கவும் இல்லை. நானும்தான்.
குளிர் ஏறியதும் அந்தச் சால்வைக்குள்
மூன்று பேர் ஒடுங்கினோம்.
சொன்னவளும் அதில் ஒருத்தி.

நான் ஏன் போடவில்லை?
விசுவாசம் என்று சொல்ல ஆசைதான்.
ஆனால் எனக்கு யாரும்
செருப்பு காட்டவில்லை.

ஆண்டவரே, உம்மோடு ஒரு வழக்கு.
சிறையின் அஸ்திவாரம் அசைந்து
கதவெல்லாம் திறந்துகொண்ட ராத்திரியை
சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தேன்.
இங்கேயும் ஒரு தரம் நிலம் அதிர்ந்தது.
எழுந்து உட்கார்ந்து பூட்டிருக்கும் பக்கமே பார்த்தேன்.
லாரி.
தண்ணீர் லாரிகூட இல்லை.

வெட்கத்தோடு திரும்பப் படுத்தபோது
வேறொரு விடியல் ஞாபகம் வந்தது.
உம்மைத் தெரியவே தெரியாது என்று
மூன்று தரம் சொன்னவனுக்காக
ஏரிக்கரையில் கரி மூட்டி, மீன் சுட்டு
நீர் காத்திருந்த விடியல்.
அவன் சொன்னதை யாராவது
எழுதி வாங்கி உம்மிடம் நீட்டியிருந்தால்
அந்தக் காகிதத்தை என்ன செய்திருப்பீர்?
அடுப்புக்குத்தான் என்று நினைக்கிறேன்,
மீன் கருகாமல் பார்த்துக்கொண்டே.

அதனால் கேட்கிறேன்.
அந்த வேன் அவளை எங்கே இறக்கியதோ
அங்கே முதலில் போய் நில்லும்.
பிள்ளை அவளை அடையாளம் கண்டுகொள்ளட்டும்.
இரவில் தூக்கம் வராமல் அவள் எழுந்தால்
பேச்சுக் கொடும், பழைய கணக்கு எடுக்காமல்.
எங்களிடம் அப்புறம் வரலாம்.
நாங்கள் எங்கேயும் போகப் போவதில்லை.

விடிகிறது போல.
துருத் துளையில் சாம்பல் வெளிச்சம்.
இன்று காய்ச்சல் யாருக்கு என்று
இருட்டில் நெற்றி நெற்றியாகத் தொட்டு வருகிறேன்.
கடைசியில் என் நெற்றிக்குக் கை கொண்டுபோனால்
லெத்தெபிர்ஹானின் உள்ளங்கை
ஏற்கெனவே அங்கே இருக்கிறது.