முன்னவர் நடை

நாகசாகியின் சரிவில் நூற்றுப் பதினாறு படி.
நகராட்சி இரவல் தந்த இயந்திரக் கால்களை
இடுப்பில் பூட்டிக்கொண்டு இறங்குகிறேன்.
பொத்தானைத் தொட்டால் ஒரு முனகல்,
தொடையை யாரோ தாங்கிப் பிடிப்பதுபோல்.

நாற்பதாவது படியில் அது தயங்குகிறது.
வலக்காலை மெல்ல இழுத்து வைக்கிறது.
எனக்கு வலி இடது முழங்காலில்.

பழுதுபார்க்க வந்த கொகுரே சொன்னான்:
"முன்பு போட்டிருந்தவர் நடையை
இன்னும் மறக்கவில்லை இது, இவனாகா-சான்.
அழித்துவிடட்டுமா?"

முன்னவர் யாரென்று கேட்கவில்லை.
திரும்பி வந்த பொருள் அல்லவா.

நாற்பதாவது படியில் என்ன இருக்கிறது?
துருவேறிய கைப்பிடி, மீன்கடைப் பூனை,
இரு கூரைகளுக்கு நடுவே
ஒரு சாண் கடல்.

நேற்று மழை. நானும் நின்றேன்,
கிளம்பு கிளம்பென்று
அது முனகும்வரை.

"வியாழன் வரை இருக்கட்டும்" என்றேன்.