இரண்டாம் தரம்

கீழக்கரைக் கிடங்கில் சங்கு தரம் பிரிக்கிறவன் நான்.
பலகையில் அறுத்த வட்டத் துளைகள்:
விழுந்தால் சின்னது, நின்றால் பெரியது.
இருபத்தாறு வருடம்
அந்த ஓட்டைகளின் அளவில்தான் இருந்தது உலகம்.

மச்சான் சீனி இபுறாகிமுக்கு
குலுக்கலில் இரண்டு டிக்கெட் விழுந்ததால்
பூட்டான் போனேன். வேறு காரணம் இல்லை.

பாரோவில் முதலில் கண்ணில் பட்டது மிளகாய்.
தகரக் கூரையெல்லாம் சிவப்பு,
ஆர்.எஸ். மங்கலத்து ரோட்டோரம் போல.
நம் குண்டு இல்லை, நீட்டுக்காய்.
அதையே கத்தரிக்காயாட்டம் அரிந்து
பாலாடைக்கட்டியில் வேகவைத்துத் தந்தார்கள்.
மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு
இன்னொரு கரண்டி கேட்டார்.

வீட்டுச் சுவர்களில் வரைந்திருந்ததை
இங்கே சொல்ல முடியாது.
கண்ணேறு படாமலிருக்க என்றான் வழிகாட்டி ஷெராப்.
மச்சான் தலையைக் குனிந்துகொண்டார்,
பிறகு ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

மடாலயம் மலையின் தோளில்.
முந்நூறு படி என்றான் ஷெராப்;
நான் எண்ணியதில் நானூற்றுப் பதினெட்டு.
வழியெல்லாம் கயிற்றில் துணிக்கொடிகள்,
காற்று வாசித்து வாசித்தே கிழித்தவை.
நாங்கள் வலைக்குக் கொடி கட்டுவது இடம் தெரிய,
இது யாருக்கு என்றேன்.
காற்றுக்கு என்றான்.

உள்ளே வெண்ணெய் விளக்கின் கனத்த வாசம்.
சிலைக்கு முன்னால் ஏழு கிண்ணத்தில் தண்ணீர்,
காலையில் வைத்து மாலையில் கொட்டிவிடுவார்களாம்.
குடம் பன்னிரண்டு ரூபாய்க்கு வாங்குகிற ஊர்க்காரன்
மனசுக்குள் கணக்குப் போட்டேன்.
அரைக் குடம்கூட வரவில்லை.
கணக்குப் போட்டதற்கு வெட்கமாக இருந்தது.

அப்போது ஊதினார்கள்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியாது.
எங்கள் கிடங்கில் சங்கு உருளும், மோதும்,
சாக்குக்குள் ஒன்றையொன்று இடிக்கும்.
லட்சம் சங்கு தொட்ட கை இது,
ஒன்றைக்கூட ஊதியதில்லை இந்த வாய்.

ஊதியவன் பன்னிரண்டு வயசுப் பையன்,
குளிரில் வெடித்த கன்னம்,
அரக்குச் சிவப்புப் போர்வை.
வெள்ளிக் குழல் பூட்டிய சங்கைக் கேட்டு வாங்கி
பழக்க தோஷத்தில் திருப்பிப் பார்த்தேன்.
உதட்டோரம் பூச்சி அரித்த துளைகள்,
மெழுகால் அடைத்திருந்தது.
இரண்டாம் தரம்.
கையில் வந்திருந்தால் இடது சாக்கில் எறிந்திருப்பேன்.
ஒருவேளை
எறிந்ததாகவே இருக்கலாம்.

இது எங்கிருந்து வருகிறது என்று
பையன் ஷெராப் வழியாகக் கேட்டான்.
கடல் என்றேன்.
எப்படி எடுப்பார்கள்?
மூக்கைப் பொத்தி, மூச்சடக்கி, குனிந்து காட்டினேன்.
அந்த உயரத்தில் பதினேழு எண்ணுவதற்குள்
நெஞ்சு இடிந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டேன்.
அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.
பிறகு தானும் மூக்கைப் பொத்திக்கொண்டு
நின்றான், நின்றான்,
பெரிய பிக்கு வந்து தலையில் தட்டும்வரை.

ஊர் திரும்பி எட்டு நாள்.
நேற்று மதியம் கிடங்கில் ஆளில்லாத நேரம்
இடது சாக்கிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் வைத்தேன்.
நுனி வெட்டாத சங்கு,
ஊத வழியில்லை.
உப்பு இருந்தது.

சாயங்காலம் காட்டுபாவா வந்தான்,
முங்கி எழுந்த கண் சிவப்போடு,
நூற்றுப்பத்து சங்கு.
'அங்கிட்டு கடல் இருக்கா காக்கா?'
'இல்லை.'
'பெறகு சங்கை வச்சு என்ன செய்றாக?'
'ஊதுறாங்க.'
'பூச்சி விழுந்ததையுமா?'
'அதையும்தான்.'
கொஞ்ச நேரம் யோசித்தான்.
'அப்ப ரெண்டாந் தரத்துக்கும்
மொத தர வெலையப் போடுங்க.'

சிரிப்பான் என்று பார்த்தேன்.
கண்ணாடியைக் கழுவக் குழாயடிக்குப் போய்விட்டான்.