ஐந்தாவது

தார்த்து நகரில் மார்ச்சிலும் ஆறு உறைந்தே கிடக்கிறது.
குழாய் 4417. பெயரில்லாத ரத்தம்.

இரும்புத் துகளில் டிஎன்ஏ இழை ஒன்று;
அதன் ஜோடி, புற்றுச்செல்லின் தோளில்.
இருட்டில் தேடிப் பின்னிக்கொள்ளும்,
ரைமோவின் கையுறைகளைக் கயிற்றில் கோத்து
கோட்டுக்குள் நான் விட்டிருப்பதுபோல்,
தொலையாமல்.

காந்தத்தை ஒட்டி வைக்கிறேன்.
குழாய்ச் சுவரில் தேநீர்க் கறையாய் ஒரு பழுப்பு.
மற்றதெல்லாம் வடிகிறது.
மூன்றாவது இழையை விட்டால்
முடிச்சு அவிழும்,
செல்கள் மிதந்து வெளியே வரும்.

ஐந்தைத் தொட்டுவிட்டால்
மருத்துவர் நாற்காலியை இழுத்துப்போட்டு
மெதுவாகப் பேசுவார்.

நான்கு.
ஓரத்தில் ஏதோ. தூசியா?
விளக்கைக் கூட்டுகிறேன்.
ஊர்மாஸ் கோட்டை மாட்டியபடி
"கடைசிப் பேருந்து" என்கிறான்.

தூசிக்கு உட்கரு கிடையாது.
திருத்தமான கையெழுத்தில் எழுதுகிறேன்: 5.