ஏழாம் வரிசை, மூன்றாம் கட்டம்

வால்பராய்சோவில் மழை பிடித்தால்
மலை ஏறுகிறவர்கள்தான் அதிகம்.
இரண்டு மரப்பெட்டிகள், ஒரே கம்பிவடம்:
ஒன்று ஏற, மற்றது இறங்கும்.
மேலே கண்ணாடிக் கூண்டில் நான், இஸ்மேனியா.
கீழே சில்லறை வாங்கிப் போடுகிறவர் லவுத்தாரோ.
ஒரு பயணம் எண்பது விநாடி.
அதற்குள் ஓர் எட்டுக்கு இடம் கண்டுபிடித்துவிடலாம்.
அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு எட்டுக்கு.

போன ஆகஸ்டில் என் போன்
நெம்புகோல் மேல் விழுந்தது.
கண்ணாடியில் கீறல்கூட இல்லை.
சுடோக்கு பலகையில் ஒரே ஓர் இடம்,
ஏழாம் வரிசை, மூன்றாம் கட்டம்,
அதற்கு மட்டும் விரல் தெரியவில்லை.
ஊதினேன், துடைத்தேன்,
எச்சில் தொட்டு வைத்தேன், திட்டியும் பார்த்தேன்.
மரத்துப்போன தோலாய் சும்மா கிடந்தது.

கடைக்காரன் சொன்ன விலைக்கு
மூன்று மாத எரிவாயு வாங்கலாம்.
நன்றி சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து
எண்பது கட்டமும் நிரம்பிவிடும்.
எண்பத்தோராவதில் என்ன என்று
எனக்குத் தெரியும், போனுக்குத் தெரியும்,
நடுவில் ஒரு நகக்கண் அளவு கண்ணாடிதான்
கேட்கவே இல்லை என்கிறது.

சில புதிர்களில்
அந்தக் கட்டத்துக்கு முதலிலேயே
ஓர் எண் போட்டு வந்திருக்கும்.
அப்போது ஜெயிப்பேன்.
கூடுதலாய் வந்துவிட்ட மீதிச் சில்லறையை
வாயைத் திறக்காமல் பையில் போட்டுக்கொண்டது போலிருக்கும்.

முடியாத ஆட்டங்கள்: இருநூற்றுப் பதினாறு.
அழிக்க மனம் வரவில்லை.

லவுத்தாரோ ஆடுவது வேறு.
இரண்டும் இரண்டும் மோதி நான்காகும்,
நான்கும் நான்கும் எட்டாகும்.
"உன் எண்கள் ஒரே தெருவில் இருந்தால்
முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன.
என்னுடையவை கட்டிக்கொள்கின்றன" என்பார்
சாப்பாட்டு நேரத்தில், ரொட்டி மென்றபடி.
ஆயிரத்து இருபத்து நான்கை
ஒருநாளும் தாண்டியதில்லை அந்த மனிதர்.

செவ்வாய்க்கிழமை, நாலே கால்.
இங்கே நிலம் நடுங்குவது ஒரு சேதி அல்ல.
கரண்டி சிணுங்கும்,
துறைமுகத்து நாய்கள் நமக்கு முன்பே எழுந்து நிற்கும்,
கோப்பையைப் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடர்வோம்.
இது கொஞ்சம் நீண்டது.
பேச்சு நின்றது. நான் பிடியை இழுத்தேன்.
இரண்டு பெட்டிகளும் சரிவின் நடுவில்
பக்கத்துப் பக்கத்தில் நின்றுவிட்டன.
ஒன்றில் யாருமில்லை.
மற்றதில் மீன்பையோடு ஓர் ஆள்.

வடத்தைப் பார்க்க ஆள் வரும்வரை
எதையும் அசைக்கக்கூடாது, அது விதி.
போனைத் தேடினேன்.
திட்டிலிருந்து சறுக்கி
சில்லறைப் பெட்டியில் ஒருக்களித்துச் சாய்ந்திருந்தது.
திரையும் கூடவே ஒருக்களித்திருந்தது.
பலகை இடப்பக்கம் ஒதுங்கி,
மரத்த இடம் இப்போது
செருப்பு விளம்பரத்துக்கு நடுவில்.
பாவம், அந்தச் செருப்பை இனி யாரும் வாங்க முடியாது.

ஏழாம் வரிசை, மூன்றாம் கட்டம்
வெறுமையாய், ஈரமில்லாமல், பக்கத்தில்.
ஒரு வருஷமாய் இது தோன்றவில்லையே,
ஒரு குழந்தைகூடச் சாய்த்துப் பார்த்திருக்கும் என்று
முதலில் கோபம்தான் வந்தது.
பிறகு நான்கைத் தொட்டேன்.
உட்கார்ந்தது.
திரை முழுக்கக் காகித நட்சத்திரம்.

எங்கள் மணிக்கயிற்றில்
ஒருமுறை என்றால் தயார்,
இருமுறை என்றால் ஆள் நிற்கிறார்,
மும்முறை என்றால் நிறுத்து.
நான்குமுறை இழுத்தேன்.
அதற்குப் பொருளே கிடையாது.

கீழே கொஞ்ச நேரம் சத்தமில்லை.
கடல்சிங்கங்கள் மட்டும் எங்கோ சண்டை போட்டன.
பிறகு, நிதானமாய், நான்கு.
இரண்டும் இரண்டும் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ.

மீன்பைக்காரர் ஜன்னலைத் தட்டி
எப்போது நகரும் என்று
கையால் கேட்டார்.