இரண்டில் ஏழு போகாது

குட்டாய்சியில் பிப்ரவரி. ஹீட்டர் பாதிதான் வேலை செய்கிறது.
இருபத்தொரு பேர், கோட்டைக் கழற்றாமல்,
ஐம்பத்திரண்டிலிருந்து பதினேழைக் கழிக்கிறார்கள்.
செப்டம்பரில் இவர்கள் முன்னால்
பல் விழுந்த வாய்கள் வந்து உட்காரும்.

"இரண்டில் ஏழு போகாது," என்கிறாள் தேக்லே.
"பக்கத்தில் ஒன்று கடன் வாங்கணும்."
எப்போது திருப்பித் தருவாய்?
வகுப்பு சிரிக்கிறது. அவள் சிரிக்கவில்லை.
ஒன்று கேட்டாய், பத்து வந்ததே, எப்படி?
சாக்பீஸ் அந்தரத்தில் நிற்கிறது.

நானும் பன்னிரண்டு வருடம் அப்படித்தான் நடத்தினேன்.
சரியான விடை வந்தது.
வேறெதுவும் வரவில்லை.

மேசையில் ஹேசல் கொட்டைகள்,
பத்துப் பத்தாய் ஐந்து பை, உதிரியாய் இரண்டு.
முடிச்சை அவிழ்க்க ஒருவருக்கும் கை வரவில்லை.
அத்தனை நேர்த்தியாகக் கட்டிவிட்டேன் போல.

கடைசி வரிசையில் நுக்ஸார்,
காலை மினிபஸ் ஓட்டிவிட்டு வருபவர்,
அந்த எண்ணை எங்கள் ஜார்ஜிய மொழியில் வாய்விட்டுச் சொல்கிறார்,
பயணிக்குச் சில்லறை தருகிற நிதானத்தில்:

இரண்டு இருபதும் பன்னிரண்டும்.

மறுபடி சொல்கிறார்.
பன்னிரண்டு!
பை அவிழ்ந்தே கிடந்திருக்கிறது,
நாங்கள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து, நாக்கின் மேல்.

(அறுபத்திரண்டுக்கு இது உதவாது:
மூன்று இருபதும் இரண்டும்.
அதை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.)

தேக்லே பல்லால் முடிச்சை இழுக்கிறாள்.
கொட்டைகள் சிதறி ஓடுகின்றன.
பதினேழை எடுத்து வைத்து, மீதியை
இரண்டு முறை எண்ணுகிறாள்.

"முப்பத்துநான்கு," என்கிறாள்,
ஹீட்டருக்கு அடியில் கைவிட்டுத் துழாவியபடி,
"இப்போதைக்கு."