ஒரே மீற்றர்

கொக்குவிலில் மூண்டு பரப்பு.
சீதன உறுதி, என்ர பேர்.
கிணத்துக்கு அங்கால ஓர் அறை, குசினி, கக்கூசு.
பிரதேச சபைக்காரர் படத்தைப் பாத்து
வாடகைக்கோ எண்டார்.
ஓம் எண்டன்.

மேசன் எட்வின் யன்னலுக்குத் திசை கேட்டான்.
வேலிப் பக்கம் வை.
வெயில் அடிக்கும், அக்கா.
அடிக்கட்டும்.

பூச்சுக் காய முன்னம் தயாபரன் குடிவந்தார்:
ஒரு சூட்கேஸ், கேத்தில்,
கலியாணத்துக்கு வந்த மேசைக் காத்தாடி.
வழக்குக்குத் தவணை தை மாசம்.
கிணத்தடியில் கண்டால்
வாளியை நிரப்பி வைச்சிட்டு விலகுறார்.

மீற்றரைப் பிரிக்க மறந்துபோனம்.
என்ர விறாந்தைச் சுவரில்தான் கிடக்கு.
லைற் எல்லாம் நூத்து,
பிரிட்ஜையும் கழட்டிப்போட்டு
வந்து நிக்கிறன்.

தட்டு மெல்லச் சுத்துது.

இன்னும் படுக்கேல்லைப் போல.