சிட்டைப் புத்தகம்

காலி வீதியில் பெயின்ற் கடை.
இருபத்தாறு வருடமாய்
நிறங்களை எண் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.

வெள்ளவத்தைக் கால்வாய்க்கு அருகே ஒரு சுவர்.
நாற்பதடி நீளம். யாருடையதென்று
மாநகரசபைக்கும் தெரியாது, ரெயில்வேக்கும் தெரியாது.
அதற்கு என்னென்ன பூசினார்கள் என்று
என் சிட்டைப் புத்தகத்துக்குத் தெரியும்.

ஒரு தேர்தலுக்கு நீலம், எட்டுக் கலன்.
அடுத்ததற்குப் பச்சை.
நீலத்தின் காசு இன்னும் வரவில்லை.
வெளிநாட்டுப் பெரியவர் யாரோ வருகிறாராம்,
ஒரே இரவில் வெள்ளை, பன்னிரண்டு.
கார் போகிற பக்கம் மட்டும்.

பிறகொரு வருடம் பிள்ளைகள் வந்தார்கள்.
முழங்கை வரை மஞ்சளோடு தினுஷி என்றொருத்தி.
யானை, குளக்கட்டு, தாமரை, மேளக்காரன்.
"அங்கிள், தோல் நிறத்துக்கு என்ன நம்பர்?"
யாருடைய தோல் என்று கேட்க வாய்வந்தது.
மண்ணிறத்தில் மூன்று ரின் எடுத்து வைத்தேன்.

காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற வருடம்
கறுப்பு ஸ்பிறே கடையில் தீர்ந்துபோனது.
யானையின் மேல் மூன்று மொழியிலும் கோபம்.
தமிழில் எழுதியவருக்கு றகரமும் ரகரமும் மாறியிருந்தன.
ஆனாலும் நின்று, முழுதும் வாசித்துவிட்டுத்தான்
பஸ் ஏறினேன்.

அதற்கும் மேல் வெள்ளை.

போன கிழமை சுமணசிறி வந்தார்,
மாநகரசபைப் பெயின்ற்காரர்.
"முதலாளி, இடது மூலையில் வெள்ளை நிற்குதில்லை.
மூன்று பூச்சுப் பூசியாச்சு.
தேத்தண்ணிக் கறை மாதிரி ஊறி வருது."

கடையைப் பூட்டாமலே கூடப் போனேன்.
இரண்டு ரூபாய்க் குற்றியால் சுரண்டினேன்.
வெள்ளை. கறுப்பு. யானையின் காது.
வெள்ளை. பச்சை. நீலம்.
பிறகு, என் புத்தகத்தில் இல்லாத
ஒரு பழைய, அவசரமான வெள்ளை.
அதற்கும் கீழே விரலில் ஒட்டியது
கரி.

மதில் இல்லை அது.
கனகசூரியரின் தையல்கடையில்
மிஞ்சிய ஒரு பக்கம்.
என் பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டுக்கு
அளவெடுத்த இடம்.
அப்போது எனக்குப் பதினொரு வயது.
அளவெடுத்தது ஆனியில்.
சேட்டு வாங்கப் போகவில்லை.

எண்பத்துமூன்று என்றொரு எண்
என் நிற அட்டையில் இல்லை.

புகைக்கரி ஊறாமல் நிறுத்த ஒரு வழி உண்டு.
எண்ணெய்ப் பிறைமர், ஒரே பூச்சு.
அதன்பின் நூறு வருடத்துக்கு
எதுவும் வெளியே வராது.
பின்தட்டில் இருபது ரின் இருக்கிறது.

"அதுக்கு மருந்து ஏதும் இல்லையா, முதலாளி?"

"ஸ்டொக் இல்லை" என்றேன்.

சுமணசிறி என்னைப் பார்த்தார்.
என் தலைக்கு மேலால் பின்தட்டைப் பார்த்தார்.
எழுத்துக்கூட்டி எல்லா ரின்னையும் வாசிப்பவர் அவர்.
நகக்கண்ணில் அவருக்கும் கரி இருந்தது.

"அப்ப, வெள்ளையே இன்னுமொரு வாளி தாங்கோ.
சிட்டையைச் சபைப் பேருக்கு எழுதுங்கோ."

எழுதினேன்.
திகதி போட்டு, கீழே
கோடு இழுக்காமல் விட்டேன்.